வயர் பிய்ந்த தொலைபேசியும் இலங்கை டவரும்

1992-இல் வெளிவந்த 'சூரியன்' படத்தில் கவுண்டமணி ஏற்ற பன்னிக்குட்டி ராமசாமி, பெரிய இடத்தோடு பேசுவதுபோலத் தொலைபேசியில் முழங்கிக்கொண்டிருக்க, அந்தக் கருவியின் வயர் பிய்ந்து நாளாகிவிட்டது என்று அருகில் இருப்பவர் போட்டு உடைப்பார். தமிழ்நாட்டில் அந்தக் காட்சிக்குச் சிரிக்காதவர்கள் குறைவு. ஆனால் அதே பகடி தனுஷ்கோடி மணலில் வேறொரு வடிவம் எடுத்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், வாடைக் காலத்தில் கடல் ஏறிக் குடிசைகளுக்குள் தண்ணீர் புகுந்த மறுநாள், கட்சிக்காரர் ஒருவர் ஆறுதல் சொல்ல வந்திருந்தார். குறைகளைக் கேட்டுக்கொண்டே இருந்தவர், திடீரென்று நாலடி தள்ளிப் போய்க் கைபேசியைக் காதில் வைத்து, "ஆமாண்ணே, டெல்லிக்கே சொல்லிருங்கண்ணே" என்று எல்லோர் காதிலும் விழும்படி பேசத் தொடங்கினார். தனுஷ்கோடி முனையில் நம் டவர் போய் இலங்கை டவர் வந்து ஒட்டிக்கொள்வதும், இலங்கைக்கு நல்வரவு என்று குறுஞ்செய்தி வந்து விழுவதும், ரோமிங் இல்லாதவன் கைபேசி வெறும் கடிகாரமாகிவிடுவதும் அங்கே தொழில் செய்யும் ஒவ்வொருவருக்கும் தெரியும். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த வயதான சம்மாட்டி (படகு உரிமையாளர்) ஒருவர் தலையை நிமிர்த்தாமலே, "தம்பி, வயரு பிஞ்சு போச்சுப்பா" என்றார். கரையே சிரித்தது. கட்சிக்காரரும் கெட்டிக்காரர்தான், கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "அரசியல்ல இதெல்லாம் சாதாரணமப்பா" என்று மிச்ச வசனத்தை அவரே சொல்லி முடித்துவிட்டார்.

என்னோடு வந்திருந்த சென்னை நண்பர் அந்தப் படத்தை வரிக்கு வரி ஒப்பிப்பவர். இருந்தும் அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய கைபேசியையே எடுத்துப் பார்க்கச் சொன்னேன். திரும்பும் வழியில், முகுந்தராயர் சத்திரம் தாண்டிய பிறகு, தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தார்.

இதற்கு நேர்மாறான அனுபவமும் உண்டு. மணிவண்ணன் இயக்கிய 'அமைதிப்படை' 1994-இல் வந்தபோது, வேறு ஊர்களில் அந்தத் தலைப்பு எப்படி ஒலித்ததோ தெரியாது. எங்கள் கரையில் அது 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த இந்தியப் படையின் பெயராகத்தான் முதலில் காதில் விழுந்தது. மண்டபத்தில் இலங்கைத் தமிழர் அகதிகள் முகாமில் இருந்த என் நண்பர், கோயில் திருவிழாவில் திரை கட்டி அந்தப் படத்தைப் போட்டபோது, பெயரைக் கேட்டதுமே வர மறுத்தார். எங்களுக்குப் பகடியாக இருந்த தலைப்பு அவருக்குக் காயமாக இருந்தது. வற்புறுத்தி அழைத்துப் போனேன். ஓட்டு எண்ணிக்கை நடக்க நடக்க, நாற்காலி நுனியில் பணிவாக ஒட்டிக்கொண்டிருந்த சத்யராஜ் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் சாய்ந்து கால்மேல் கால் போடும் அந்தக் காட்சியில், கூட்டத்தில் முதலில் சிரித்தவர் அவர்தான். "உந்த ஆள் எங்கட ஊரிலயும் இருந்தவர்" என்றார். அந்த நாற்காலிக்கு யாரும் விளக்கவுரை சொல்ல வேண்டியிருக்கவில்லை. (இப்போதைய பிள்ளைகளுக்கு மட்டும், வாக்குச்சீட்டைக் கட்டுக்கட்டாகப் பிரித்து விடிய விடிய எண்ணிய கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.)

அண்மையில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் 15-இல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்க, பக்கத்து வீட்டு மருமகன் எங்கள் வீட்டில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தான். இடைத்தேர்தல் டோக்கனைக் கிண்டல் செய்யும் நகைச்சுவை ஒன்று ஓடியது. எங்கள் பக்கம் டோக்கன் என்றால், விசைப்படகு கடலுக்குப் போவதற்கு மீன்துறையில் வாங்கும் அனுமதிச் சீட்டு. அவன் குழம்பிப்போய், "இதுல சிரிக்க என்ன மாமா இருக்கு?" என்றான். 2017-இல் சென்னை ராதாகிருஷ்ணன் நகர் இடைத்தேர்தலின்போது, ஓட்டுக்குப் பிறகு பணம் தருவதற்கு அடையாளமாக இருபது ரூபாய்த் தாளையே டோக்கனாகக் கொடுத்தார்கள் என்று எழுந்த பேச்சை முழுவதும் விவரித்தேன். நான் சொல்லி முடிப்பதற்குள் நிகழ்ச்சியே முடிந்துவிட்டது. பொறுமையாகக் கேட்டுவிட்டு அவன் கேட்டான்:

"அந்த டோக்கனுக்குத் தடைக்காலம் ஏதும் இல்லையா மாமா?"