தேரையைக் கவ்விய நாய்: முதல் பத்து நிமிடம்

ஐப்பசி மழை விட்ட இரவில் வாசல் லைட்டைச் சுற்றி ஈசல் பறக்கும். அதைத் தின்னத் தேரை வரும், பொறுக்க நாயும் வரும். தேரை கடிக்காது, தானாக விஷத்தைப் பீய்ச்சாது. கண்ணுக்குப் பின்னால் இருபுறமும் புடைத்திருக்கும் சுரப்பியை நாயின் பல் அழுத்தினால்தான் வெள்ளையாகப் பால் கசியும். சில நிமிடத்தில் வாயில் நுரை தள்ளும், ஈறு செக்கச்செவேலென்று ஆகும், நாய் முன்னங்காலால் முகத்தைப் பிறாண்டும். பல நாய்கள் கசப்பில் உடனே துப்பிவிடும். குட்டிகளும் சின்ன இன நாய்களும்தான் அதிகம் பாதிக்கப்படும்.

*

உடனே வாயைக் கழுவ வேண்டும். எல்லாரும் தவறுவது இங்கேதான்: தலையை நிமிர்த்தி நேராகத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். அந்த விஷம் தொண்டைக்குள் போகும், புரையேறித் தண்ணீர் நுரையீரலுக்கும் போகும். மூக்கு தரையைப் பார்க்கும்படி தலையைத் தாழ்த்திப் பிடியுங்கள். தோட்டத்துப் பைப்பை மெதுவாகத் திறந்து, கடைவாய் ஓரமாகத் தண்ணீர் விட்டால் மறுபக்கம் வழிந்துவிடும். 5 முதல் 10 நிமிடம் விடாமல் செய்யுங்கள். வழவழப்பு ஈறில் ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் மட்டும் போதாது. ஈரத் துணியால் ஈறு, நாக்கு, மேலண்ணம் துடைத்து, துணியை ஒவ்வொரு தடவையும் அலசுங்கள். பால், எண்ணெய், உப்புத் தண்ணீர் எதுவும் வேண்டாம், வாந்தி எடுக்கவும் வைக்காதீர்கள். வலிப்பு வந்தாலோ நினைவு தப்பினாலோ வாயில் ஒரு சொட்டும் விடாமல் டாக்டரிடம் ஓடுங்கள்.

கழுவிய பிறகு பின்னங்காலின் உள்தொடையில் விரல் வைத்துத் துடிப்பை 15 நொடி எண்ணி நாலால் பெருக்குங்கள். விஷம் இதயத்தையும் தாக்கும். துடிப்பு விட்டு விட்டு வந்தாலோ, ஈறு வெளுத்தாலோ நீலம் பாய்ந்தாலோ, நடை தள்ளாடினாலோ, தேரையை விழுங்கிவிட்டாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது. இதற்கென்று விஷமுறிவு மருந்து நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் கிடையாது. வலிப்பையும் இதயத் துடிப்பையும் மருந்தால் கட்டுப்படுத்துவார்கள், அதனால் நேரம்தான் முக்கியம்.

*

நுரையைப் பார்த்ததும் வெறிநோய் என்று பயந்து நாயை அடித்துக் கொன்றுவிடுகிறார்கள். வேதனையாக இருக்கிறது. தேரையால் வரும் நுரை, நன்றாக ஓடியாடிய நாய்க்குத் திடீரென்று வரும். வெறிநோயில் குணமாற்றம், விழுங்க முடியாமை, தாடை தொங்குவது என்று நாளுக்கு நாள் முற்றும். ஆனால் தடுப்பூசி போடாத நாய், தேரையைக் கவ்வியதை யாரும் பார்க்கவில்லை என்றால், வாய்க்குள் கை விடவே கூடாது.

*

தேரை மேல் உப்புத் தூவாதீர்கள். அதன் தோல் ஈரத்தால் வாழ்வது, துடிதுடித்துச் சாகும். தோட்டத்துப் பூச்சியை இரவெல்லாம் தின்பது அதுதான். பழைய டப்பாவைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகி, வேலியோரம் விட்டுவிடலாம். ஈசல் நாளில் வாசல் லைட்டை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மஞ்சள் பல்புக்கு மாற்றுங்கள். நாயின் தண்ணீர்க் கிண்ணம் தரையில் இருந்தால் தேரை ஏறி உட்காரும். ஒரு செங்கல் உயரத்தில் வைத்து, காலையில் பழைய தண்ணீரைக் கொட்டிக் கழுவி நிரப்புங்கள். மிச்சச் சோற்றை வெளியே விட்டால் பூச்சி வரும், பின்னாலேயே தேரையும். இருட்டிய பிறகு சிறுநீர் கழிக்க விடும்போது சங்கிலியும் டார்ச்சும் கையில் இருக்கட்டும்.