ஏ.டி.எல்., ஐ.ஏ.டி.எல்.: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

மறதி நோய் உள்ள முதியவர்களின் வீட்டாரிடம் கேட்பதற்கான படிவம் ஒன்றை மதுரைப் பக்கத்துப் பேச்சுக்கு ஏற்பத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறோம். காக்னிஷனுக்கு ‘அறிதிறன்’ போதும். ‘அறிவுக்குறைபாடு’ என்று போட்டால் செல்லூரில் எந்த வீட்டிலும் அடுத்த கேள்விக்குப் போக முடியாது. இழுபறி ஏ.டி.எல். (ஆக்டிவிட்டீஸ் ஆஃப் டெய்லி லிவிங்: தன் உடம்பைத் தானே பார்த்துக்கொள்ளும் அன்றாடச் செயல்கள்), ஐ.ஏ.டி.எல். (இன்ஸ்ட்ருமென்டல் ஏ.டி.எல்.: வீட்டுக் காரியம், வெளிக் காரியங்களைத் தானே நடத்திக்கொள்ளும் செயல்கள்) இரண்டிலும்தான்.

முன்னது, 1963இல் அமெரிக்க மருத்துவர் காட்ஸ் குழுவினர் வகுத்த ஆறு: குளித்தல், உடுத்தல், கழிப்பறைக்குப் போய்வருதல், கட்டிலிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுதல், மலசலத்தைக் கட்டுப்படுத்துதல், உண்ணுதல். பின்னது, 1969இல் அமெரிக்க ஆய்வாளர்கள் லாட்டனும் பிராடியும் தந்த எட்டு: தொலைபேசி, கடைகண்ணி, சமையல், வீட்டுவேலை, துணி துவைத்தல், வெளியே போய்வருதல், மருந்து, பணம். மறதி நோயில் பெரும்பாலும் பின்னதுதான் முதலில் ஆட்டம் காணும். இரண்டையும் ‘அன்றாடச் செயல்பாடு’ என்று ஒரே மூட்டையாகக் கட்டினால், “ஆத்தா தானே குளிக்குது, தானே சாப்பிடுது, ஒரு குறையும் இல்லை” என்று மகள் முடித்துவிடுவார். ஆத்தா ஒரே மாத்திரையை இரண்டு தடவை போட்டதும், அழகர்கோவில் பஸ் என்று மேலூர் பஸ்ஸில் ஏறியதும் பேச்சில் வரவே வராது.

‘இன்ஸ்ட்ருமென்டல்’ என்பதற்காகக் ‘கருவிசார் செயல்பாடு’ வேண்டாம். கடப்பாரையும் மண்வெட்டியும்தான் ஞாபகம் வரும். என் முன்மொழிவு: முன்னதற்கு ‘தன்பாடு’. அவர் பாட்டை அவரே பார்த்துக்கொள்வார் என்கிறோமே, அதுதான். பின்னதற்குக் ‘குடித்தனப்பாடு’.

*

> பின்னதற்குக் ‘குடித்தனப்பாடு’

தன்பாடு அருமை. குடித்தனம் என்றதும் பொம்பளை வேலை என்று ஆண்கள் ஒதுங்கிவிட மாட்டார்களா? லாட்டன் அளவுகோலிலேயே இந்த வம்பு உண்டு. ஆண்களுக்குச் சமையல், வீட்டுவேலை, துவைத்தல் மூன்றையும் விட்டுவிட்டு ஐந்துக்குத்தான் ஆரம்பத்தில் மதிப்பெண் போட்டார்கள். ஆயுசில் உலை வைக்காத தாத்தாவைச் ‘சமைக்க முடியாதவர்’ என்று குறித்தால் அது நோய்க் கணக்கா? ‘புழங்குதிறன்’ என்று வைத்தால் பணம், பஸ், போன் எல்லாம் அடங்கிவிடுமே.

*

> ‘புழங்குதிறன்’ என்று வைத்தால்

நானும் யோசித்த சொல்தான் ஐயா. ஆனால் “அவங்க வீட்டில் நாங்க புழங்க மாட்டோம்” என்ற பேச்சு நம் சுற்றுப்பட்டு ஊர்களில் இன்னும் செத்துவிடவில்லை. படிவத்தில் அந்தச் சாதி வாடை வேண்டாம்.

தாத்தா விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் அதைக் கேள்வியில்தான் சரிசெய்ய வேண்டும்: “முன்பு செய்துவந்து, இப்போது தடுமாறுகிறாரா?” உலை வைக்காதவர் பென்ஷன் எடுத்திருப்பார், கரண்ட் பில் கட்டியிருப்பார், அதைக் கேட்போம். மற்றபடி வாடகைக்குக் குடித்தனம் இருப்பதில் ஆண், பெண் பேதம் ஏது? குடித்தனப்பாடே இருக்கட்டும்.

அப்புறம், கன்டினென்ஸுக்கு, அதாவது மலசலத்தைக் கட்டுப்படுத்துதலுக்கு, ஒரு சுருக்கமான சொல் பாக்கி இருக்கிறது. ‘அடக்கம்’ மட்டும் வேண்டாம். வயதானவர் இருக்கும் வீட்டில் அந்தச் சொல்லோடு போய் நின்றால் விளக்குமாறு வரும்.