ஆட்டுக்கொல்லித் தடுப்பூசி: மூன்று மாதம் நிரம்பாத குட்டிகளுக்குப் போடலாமா?

மலைப்பட்டி (ஏற்காடு):
எங்கள் மலைக்கிராமத்துக்கு, ஆடுகளைத் தாக்கும் ஆட்டுக்கொல்லி (பி.பி.ஆர்.) என்ற தொற்றுநோய்க்கான தடுப்பூசி முகாம் வருவதே அரிது. சென்ற முறை வந்தவர்கள், மூன்று மாதம் ஆகவில்லை என்று கூறி, ஒன்றரை மாதக் குட்டிகளை விட்டுவிட்டுத் தாயாடுகளுக்கு மட்டும் போட்டுச் சென்றனர். இது எந்த ஊர் நியாயம்? மருந்து கைக்கு எட்டும்போதே பட்டியில் உள்ள அனைத்துக்கும் போட்டுவிட வேண்டும் என்பதே என் கருத்து.

மேச்சேரியான்:
அவர்கள் செய்தது சரியே, ஐயா. ஆட்டின் நஞ்சுக்கொடி வழியாக, நோயைத் தடுக்கும் எதிர்ப்புப் புரதம் (ஆன்டிபாடி) குட்டிக்குச் செல்வதில்லை. பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பாலில்தான் அது கிடைக்கிறது. ஊசி போட்ட தாயின் சீம்பாலைக் குடித்த குட்டியின் இரத்தத்தில் அது மூன்று, நான்கு மாதம் வரை நிற்கும். ஊசி மருந்தில் இருப்பதோ வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள நச்சுயிரி (வைரஸ்). அது உடலில் பெருகினால்தான் குட்டி தன் சொந்த எதிர்ப்பை உருவாக்கும். தாய் தந்த புரதம் அதைப் பெருகவிடாமலேயே முடக்கிவிடும். மருந்து வீணாவதுகூடப் பெரிதன்று. 'போட்டாகிவிட்டது, மூன்றாண்டு தாங்கும்' என்று நம்பி அதுவரை நாம் அந்தக் குட்டியை மறந்துவிடுவோமே, அதுதான் ஆபத்து.

மலைப்பட்டி:
தாய்க்கு ஊசியே போடாத பட்டிக்கு இந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும்? கொங்கணாபுரம் சந்தையில் வாங்கிய சினையாட்டின் சீம்பாலில் அந்தப் புரதமே இல்லையென்றால், அதன் குட்டி பிறந்த நாள் முதலே பாதுகாப்பின்றி நிற்கிறது. அதனையும் காத்திருக்கச் சொல்வீர்களா?

ஓமலூர் வாசகி:
இடையில் ஒன்று. கரைத்த மருந்தைப் பனிக்கட்டியில் வைத்துச் சில மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். குட்டியின் வயதைப் பற்றி இவ்வளவு பேசும் நாம், இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வரும் குளிர்பெட்டியில் பனிக்கட்டி மிஞ்சியிருக்கிறதா என்று திறந்து பார்ப்பதேயில்லை.

மேச்சேரியான்:
அம்மையார் சொல்வது உண்மை. மலைப்பட்டியாரின் கேள்வியும் நியாயமானதே. ஆனால் சந்தை ஆடு முன்பே நோய் கண்டு மீண்டதா என்பது பார்வைக்குத் தெரியாது, மீண்ட ஆட்டின் சீம்பாலிலும் எதிர்ப்பு இருக்கும். அக்கம்பக்கத்தில் நோய் பரவினால், மருத்துவர் சொற்படி முன்கூட்டியே போடலாம். ஆயினும் நான்காம் மாதத்தில் மீண்டும் போட்டாக வேண்டும். வாங்கி வந்த ஆட்டை மூன்று வாரம் தனியே கட்டுவது அதைவிட முக்கியம்.

மலைப்பட்டி:
தனியே கட்டுகிறேன். ஆனால் நான்காம் மாதத்தில் இன்னொரு முகாம் மலையேறி வரும் என்று யார் உறுதி தருவார்? அதுவரை என் கருத்தில் மாற்றமில்லை.