புதுப்பிப்பு: சொரியாசிஸ், ஆறு மாதங்களுக்குப் பிறகு

சொரியாசிஸ் என்ற தோல் நோயால் முழங்கையிலும் முதுகிலும் செதில் உதிர்வது நிற்கவில்லை என்று ஆறு மாதங்களுக்கு முன் காரைக்குடியிலிருந்து எழுதியிருந்தேன். இது அதன் தொடர்ச்சி. கால்சிபோட்ரியாலும் பீட்டாமெத்தசோனும் கலந்த களிம்பு முழங்கைத் தடிப்பை நான்கு வாரங்களில் அடக்கியது. முதுகுக்கு அது போதாததால், வாரம் மூன்று நாள் மதுரைக்குப் பேருந்தில் சென்று 311 நானோமீட்டர் புறஊதாக் கதிர் சிகிச்சை எடுத்துக்கொண்டேன். அலைச்சல்தான், ஆனால் இருபது முறைக்குப் பிறகு, காலையில் முகப்பின் ஆத்தங்குடிக் கல் தரையைப் பெருக்கும்போது வெள்ளைச் செதில்கள் அநேகமாகத் தென்படுவதில்லை. இது தொற்றாது என்று எத்தனையோ முறை சொல்லியும் நம்பாமல், பந்தியில் ஓர் இலை தள்ளியே அமர்ந்த சின்னாச்சி, சென்ற மாதம் என் பக்கத்திலேயே அமர்ந்தார். தலையில் மட்டும் இன்னும் அடங்கவில்லை. அதற்குக் கோல்டார் (நிலக்கரித் தார்) ஷாம்பு தொடர்கிறது.