இரண்டு இருண்ட நாவல்கள்: பாதியில் நிற்காமல் படிப்பது எப்படி?

கேள்வி: மனநோயுள்ள மனைவியை நேசிப்பது பற்றிய ஃபிட்ஸ்ஜெரால்டின் ‘டெண்டர் இஸ் த நைட்’, எல்லைப்புறக் கொலைகள் பற்றிய மெக்கார்த்தியின் ‘பிளட் மெரிடியன்’ இரண்டிலும் ஐம்பது பக்கம் தாண்ட முடியவில்லை. வழி உண்டா?

பதில் 1: முதலாவதில் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். 1934 பதிப்பு கடற்கரையில், இளம் நடிகை ரோஸ்மேரியின் பார்வையில் தொடங்கும். மனைவி நிக்கோல், மருத்துவரான தன் கணவனிடமே முன்பு நோயாளியாக இருந்தவள் என்பது பிறகே தெரியும். 1951 பதிப்பு காலவரிசைப்படி அடுக்கப்பட்டதால் அந்த அதிர்ச்சி போய்விடும். 1934தான் சரி. முதல் பாகத்தின் பளபளப்பு வேண்டுமென்றே பூசியது, பொறுத்துக்கொள்ளுங்கள். மருத்துவரும் கணவரும் ஒரே ஆளாக இருப்பதுதான் அந்தக் காதலை அரிக்கிறது.

பதில் 2: ‘பிளட் மெரிடியன்’ (1985) உரையாடலில் மேற்கோள்குறி கிடையாது, வாய்விட்டுப் படித்தால் யார் பேசுகிறார் என்று பிடிபடும். அத்தியாயத் தலைப்பிலேயே நிகழ்ச்சிகளின் பட்டியல் இருக்கும், அதை முதலில் படியுங்கள். ஒரு அமர்வுக்கு ஒரு அத்தியாயம் போதும். கதையில் கொலைகள் செய்யும் கிளான்டன் கும்பல் நிஜத்தில் இருந்தது. மெக்சிகோவின் சிவாவா மாநில அரசு அப்பாச்சி பழங்குடியினரின் உச்சித்தோலுக்குப் பணம் கொடுத்தது. தோலைப் பார்த்து யாருடையது என்று சொல்ல முடியாததால் அப்பாவிகளும் பலியானார்கள். இது தெரிந்தால் வன்முறை வெறும் அலங்காரமாகத் தோன்றாது.

பதில் 3: ஒரு எச்சரிக்கை: நிக்கோலின் நோய்க்குப் பின்னால் தந்தையின் பாலியல் வன்கொடுமை இருக்கிறது, இரண்டாம் பாகத்தில் வரும். இரண்டு நாவல்களையும் அடுத்தடுத்து எடுக்காதீர்கள்.