வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல்: ரீஜெனரேட்டிவ் பிரேக்

பீளமேட்டிலிருந்து:
மின்பேருந்துப் பராமரிப்புக் கையேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. படிக்கப்போவது ஐ.டி.ஐ. மாணவர்கள். வேகத்தைக் குறைக்கும்போதே அதை மின்சாரமாக்கிப் பேட்டரிக்குத் திருப்பும் ‘ரீஜெனரேட்டிவ் பிரேக்’ 31 இடத்தில் வருகிறது. இப்போதைக்குத் தமிழில் ‘மீட்புத்தடை’ என்று போட்டிருக்கிறேன். ஆட்சேபணை இருந்தால் சொல்லுங்க.

திருப்பூரிலிருந்து:
இருக்குதுங்க. மீட்புப் பணிக்கு யாரோ தடை போட்ட மாதிரி இருக்கிறது. ‘தடை’யே ஆகாது. வேகத்தடை ரோட்டு மேடு. மின்தடை என்றால் ஊருக்குக் கரண்ட் இல்லை. பாடப்புத்தகத்தில் அதுவே ரெசிஸ்டன்ஸ். பிரேக்கில் பிறந்த மின்சாரத்தை ரெசிஸ்டரில் விட்டுச் சூடாக்கித் தொலைக்கும் முறை ரயில் எஞ்சின்களில் உண்டு. அதற்கு என்ன பெயர் வைப்பீங்க, மின்தடைத் தடையா?

கோபியிலிருந்து:
வேர் கையிலேயே இருக்கும்போது ஏன் அலைகிறீர்கள்? செயலாற்றுவதும் ‘ஆற்று’, சூடாற்றுவதும் ‘ஆற்று’. ‘ஆற்றுவார் ஆற்றல் பசியாற்றல்’ என்று குறள் 225 அந்த வேரை ஒரே அடியில் மூன்று முறை வைத்திருக்கிறது. வேகத்தை ஆற்றி ஆற்றலாக்குவதால் ‘ஆற்றுநிறுத்தம்’. இந்த நுட்பமும் நமக்குப் புதிதல்ல. மாடு கட்டிக் கிணற்றுநீர் இறைக்கும் கவலை ஏற்றத்தில் மாடு சரிவில் இறங்க இறங்கத்தானே தண்ணீர்ச் சால் மேலே வந்தது?

சிங்காநல்லூரிலிருந்து:
ஐயா, கவலையில் மாட்டின் எடையும் இழுவையும் தண்ணீரைத் தூக்குகின்றன. ஓடிய வேகத்தை அங்கே யாரும் திரும்பப் பிடிக்கவில்லை. ‘ஆற்றுநிறுத்தம்’ என்றால் எங்க பக்கத்துப் பையன் நொய்யல் ஆற்றங்கரையில் பஸ் ஸ்டாப்பைத் தேடுவான். அதைவிடப் பெரிய கோளாறு, இது வண்டியை நிறுத்துவதே இல்லை. ஆக்சிலரேட்டரை விட்டதும், பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் மின்சாரத்தை மாற்றிக்கொடுக்கும் இன்வெர்ட்டர் மோட்டாரை ஜெனரேட்டராக மாற்றுகிறது, சக்கரம் கனக்கிறது, வேகம் குறைகிறது. ஊர்கிற வேகத்தில் அந்த இழுவை அற்றுப்போகும். முழுசாக நிற்க உராய்வு பிரேக்தான்.

கணக்கும் போட்டுவிடலாம். 16 டன் பஸ் 40 கி.மீ. வேகத்தில் போனால் அதில் இருப்பது சுமார் 0.27 யூனிட். மோட்டார், இன்வெர்ட்டர், பேட்டரி மூன்றும் ஆளுக்குக் கொஞ்சம் தின்ற மிச்சம்தான் திரும்பும். நின்று நின்று போகும் டவுன் பஸ்ஸுக்கு அதுவே பெரிசு. பிரேக் தூசியும் குறையும். டயர் தூசி குறையாது. பேட்டரி நிரம்பியிருந்தால் மின்சாரம் போக இடமில்லை, இழுவை கிடைக்காது. முழு சார்ஜோடு குன்னூரிலிருந்து இறங்கக் கூடாது என்பதைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போடுங்க. உராய்வு பிரேக்குக்கு வேலை குறைவதால் சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் துருப்பிடிக்கும், அதன்மேல் பேடை அழுத்தும் காலிப்பரின் பின் இறுகும். பேடு தேயவில்லையே என்று சர்வீஸைத் தள்ளிப்போட்டால் அவசரத்தில் பிரேக் ஒரு பக்கம் இழுக்கும்.

ஈரோட்டிலிருந்து:
சைக்கிள் டைனமோவை டயரில் அமுத்தினால் பெடல் கனக்குமே, அந்தக் கனம்தானே இது? ‘டைனமோ பிரேக்’ என்றே போடலாம்.

திருப்பூரிலிருந்து:
விளக்கத்துக்கு அருமை, பெயருக்கு ஆபத்து. ‘டைனமிக் பிரேக்’ என்று ரயில்காரர்கள் சொல்வது நான் மேலே சொன்ன, சூடாக்கித் தொலைக்கிற வகையை. ‘மீள்மின் பிரேக்’ எப்படி?

பொள்ளாச்சியிலிருந்து:
மீண்ட, மீள்கிற, மீளும் என மூன்று காலத்துக்கும் நிற்கும் வினைத்தொகை. ஒற்றுச் சிக்கலும் இல்லை. ஆனால் ‘மீள்’ தன்வினை. மின் தானாக மீளவில்லை, நாம் மீட்கிறோம். ‘மீட்புமின்’ சரி.

சிங்காநல்லூரிலிருந்து:
‘மீட்புமின்’ என்று உரக்கச் சொல்லிப் பாருங்க அம்மா. பழந்தமிழின் ‘செல்மின், கேண்மின்’ மாதிரி ஏவலாகக் காதில் விழுகிறது.

கோபியிலிருந்து:
பாதி தமிழ், பாதி ஆங்கிலம். இதற்கு ‘ரீஜென்’ என்றே விட்டுவிடலாமே?

ஈரோட்டிலிருந்து:
பட்டறையில் அப்படித்தானுங்க சொல்லுவாங்க.

பீளமேட்டிலிருந்து:
‘மீள்மின் பிரேக்’குக்கு நான்கு பேர், ‘மீட்புமின்’னுக்கு ஒருவர், கோபி ஐயா தனி. முதல் இடத்தில் மட்டும் ‘பட்டறை வழக்கில் ரீஜென்’ என்று சேர்க்கிறேன். படம் 14-இல் அம்புக்குறி பேட்டரியிலிருந்து சக்கரத்துக்குப் போகிறது; பிரேக் படத்தில் அது திரும்பி வர வேண்டும். வரைந்தவரிடம் சொல்லியாயிற்று.

கோபியிலிருந்து:
என் மறுப்பைப் பதிவு செய்யவும். சொல்லடைவில் ‘ஆற்று’வுக்கு ஒரு வரியாவது கொடுங்கள்.