அப்பா இறந்துவிட்டார், அவர் போட்ட விபத்து வழக்கு என்ன ஆகும்?

நடைவண்டி:
2023-ல் அப்பா பைக்கில் போகும்போது லாரி மோதி தொடை எலும்பு முறிந்தது. எம்.சி.ஓ.பி. (விபத்து இழப்பீடு கேட்கும் மனு) போட்டு, அப்பா சாட்சியும் சொல்லி முடித்த நிலையில் போன மாதம் மாரடைப்பில் காலமாகிவிட்டார். விபத்தால் சாகவில்லையே, அதனால் கேஸ் அவரோடு முடிந்தது என்கிறது இன்சூரன்ஸ் தரப்பு. நிஜமா? ஆஸ்பத்திரிக்கு வாங்கிய கடன் இன்னும் அம்மா தலையில்தான்.

கருப்புக்கோட்டு:
முடியவில்லை, பயப்படாதீர்கள். முன்பு இந்திய வாரிசுரிமைச் சட்டம் 306-வது பிரிவைக் காட்டி, காயத்துக்கான உரிமை ஆளோடு போய்விடும் என்று வாதாடுவார்கள். அப்போதும் மருத்துவச் செலவு, வருமான இழப்பு போல அவருடைய சொத்துக்கு வந்த நஷ்டத்தை வாரிசுகள் கேட்கலாம் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இப்போது மோட்டார் வாகனச் சட்டத்தில் 166(5) என்ற பிரிவு வந்துவிட்டது: காயம்பட்டவர் எந்தக் காரணத்தால் இறந்தாலும் உரிமை வாரிசுகளுக்கு வரும். 2022 ஏப்ரல் 1 முதல் அமல், உங்கள் விபத்து அதற்குப் பிறகுதான்.

ஆனால் இது மரண வழக்காக மாறாது. அப்பாவை நம்பியிருந்தவர்களின் வருமான இழப்பு என்ற கணக்கெல்லாம் வராது, காயத்துக்கு அவருக்கு என்ன கிடைத்திருக்குமோ அதைத்தான் கேட்கிறீர்கள். இனிமேல் ஆகும் சிகிச்சைச் செலவு என்று கேட்டிருந்தால் அதை வெட்டப் பார்ப்பார்கள்.

தூறல்:
சட்டம் சரி, வேலையைப் பாருங்கள். வாரிசுகளைச் சேர்க்கும் எல்.ஆர். மனுவை இறந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் போட்டுவிடுங்கள், தாண்டினால் தாமதத்துக்கு வேறு தனி மனு, தனி அலைச்சல். இறப்புச் சான்றிதழ் வாங்கி, வாரிசுச் சான்றிதழுக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுங்கள். அப்பா கையெழுத்திட்ட வக்காலத்து (வக்கீலை நியமிக்கும் பத்திரம்) இனி செல்லாது, எல்லோரும் புதிதாகப் போட வேண்டும்.

நடைவண்டி:
நன்றி சார். அக்காவுக்குக் கல்யாணமாகிவிட்டது, அவளும் வர வேண்டுமா? பாட்டி, அதாவது அப்பாவின் அம்மா, எங்களோடுதான் இருக்கிறார்.

தூறல்:
இந்து குடும்பம் என்றால் அக்காவும் வாரிசு, பாட்டியும் வாரிசு. பாட்டியைத்தான் பலரும் விட்டுவிடுவார்கள், பிறகு எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும்.

கருப்புக்கோட்டு:
மருத்துவ வாரியம் அப்பாவைப் பரிசோதித்து ஊனச் சான்றிதழ் கொடுத்துவிட்டதா? இல்லையென்றால் டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே எல்லாவற்றையும் தாக்கல் செய்து, அறுவை சிகிச்சை செய்த டாக்டரைச் சாட்சிக்கு அழைக்கச் சொல்லுங்கள். தொகை பெரும்பாலும் அதில்தான் நிற்கும்.